வரிப்பதிவேட்டில் இல்லாத புலி

தமயந்திக்கு அது பதினேழாவது சனிக்கிழமை. போன பதினாறு முறையும் புலியைப் பார்த்திருந்தாள். அவளுடைய எரிச்சலே அதுதான்.

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவுக்கு அவள் பொறுப்பாளர். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கேமராப் பையோடு பஸ் ஏறிவிடுவாள். காரைமலை அடிவாரத்தில் ஒரு அறை, சனி ஞாயிறு இரண்டு நாளும் காடு, திங்கள் காலை மறுபடியும் எலும்புகள். இரண்டு வருடமாக இப்படித்தான்.

காரைமலைப் புலிகள் காப்பகத்தின் நுழைவாயிலில் சுவரளவுக்கு ஒரு திரை இருந்தது. காட்டிலுள்ள நாற்பத்திரண்டு புலிகளும் அதில் நாற்பத்திரண்டு மஞ்சள் புள்ளிகள். ஒவ்வொரு புலியின் கழுத்திலும் பட்டை கட்டியிருந்தார்கள். காடு முழுக்க மரங்களில் கேமரா வைத்திருந்தார்கள். எந்தப் புலிக்கு எந்த இடத்தில் எந்த வரி என்பதெல்லாம் வரிப்பதிவேட்டில் இருந்தது. புள்ளி நிற்கும் பகுதிக்கு ஜீப்புகள் போகும். பாட்டரி ஜீப் என்பதால் சத்தம் கிடையாது. பன்னிரண்டு ஜீப் வளைத்து நிற்க, நடுவில் புலி கொட்டாவி விட்டுக்கொண்டு படுத்திருக்கும். எல்லோரும் கொட்டாவியை எடுப்பார்கள்.

எடுத்த படமும் ஒன்றுபோலத்தான் வரும். இப்போது வரும் எல்லாக் கேமராவிலும் துலக்கி என்று ஒரு சில்லு இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை, கை நடுங்கிவிட்டது, புல் மறைத்துவிட்டது என்றால் துலக்கி வரிப்பதிவேட்டைப் பார்த்து மீதியைத் தானே தெளிவாக்கிக் கொடுத்துவிடும். பக்கத்து ஜீப்பில் முறுக்கு தின்றுகொண்டே போனைத் தூக்கிப் பிடித்தவருக்கும், மூன்று மணி நேரம் மூச்சை அடக்கிக் காத்திருந்த தமயந்திக்கும் மீசை மயிர் ஒரே மாதிரி எண்ணக்கூடிய படம் கிடைக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வாய்த்த ஜீப்பை ஓட்டியவர் ஜடையன். மலையிலிருக்கும் ஆலந்தொட்டி என்ற சோளகர் பழங்குடி ஊர்க்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசாதவர். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏழாம் பகுதிக்குப் போலாங்களா மேடம்?"

"அங்க ஒண்ணுமே இல்லைன்னு காட்டுதே."

"ஆமாங்க. இல்லைன்னுதான் காட்டுது."

பன்னிரண்டாம் பகுதியில் குட்டிகளோடு ஒரு தாய்ப்புலி இருந்தது. மற்ற ஜீப்புகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. தமயந்திக்கு அந்தக் கூட்டத்தை நினைத்தாலே தலைவலித்தது. "சரி, போங்க" என்றாள்.

ஏழாம் பகுதியில் ஆள் உயரத்துக்குச் சீமார் புல் நின்றது. துடைப்பம் கட்டும் புல். ஜடையன் ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தினார். வண்டியை அணைக்கவில்லை. ஒரு மணி நேரம் மயில் ஒன்றைத் தவிர எதுவும் வரவில்லை. ஐந்து மணிக்கு மேல் வெயில் சரிந்து புல்லெல்லாம் செம்பு நிறமானபோது, பாதையின் ஓரத்தில் புல் பிளந்தது.

அது பெரிய ஆண் புலி. வயதானது. இடது காது பாதிக்குமேல் கிழிந்து இரண்டு துண்டாகத் தொங்கியது. முன்னங்காலில் ஒன்றை ஊன்றும்போது அதன் முகம் சுருங்கியது. இருபதடி தூரத்தில் நின்று ஜீப்பைப் பார்த்தது. இதற்குமுன் பார்த்த எந்தப் புலியும் தமயந்தியை இப்படிப் பார்த்ததில்லை. அவையெல்லாம் ஜீப்பை மரம்போல நினைத்துப் பழகியவை. இது அவளைத்தான் பார்த்தது. அவள் விரல் தானாக அழுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது படம். பிறகு புல் மூடிக்கொண்டது.

திரும்பும் வழியெல்லாம் கேமராவை மார்போடு பிடித்திருந்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுடையது என்று ஒரு படம்.

நுழைவாயிலில் சரிபார்ப்பு மேடை இருந்தது. செயற்கைப் படங்கள் பெருகிய பிறகு, புலிப் படம் எதுவானாலும் இங்கே முத்திரை வாங்கினால்தான் பத்திரிகைக்கோ போட்டிக்கோ செல்லும். கேமராவை மேடையில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'போலி' என்று வந்தது.

அரை மணி நேரத்தில் அவள் ரேஞ்சர் ஜெபசிங்கின் அறையில் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், நிதானமான மனிதர். கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மேடம், உங்க படத்துல இருக்கது முப்பத்தொண்ணாம் நம்பர். பெண் புலி. அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்கு அது பதினாலு கிலோமீட்டர் தள்ளி, அணைக்கட்டுக்கிட்ட இருந்திருக்கு. கழுத்துப்பட்டை சொல்லுது. ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல எப்படி இருக்கும்?"

"நான் எடுத்தது பெண் புலியே இல்லைங்க. கிழட்டு ஆண் புலி. காது கிழிஞ்சது."

"படத்தைப் பாருங்க."

அவள் அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தாள். செம்பு நிறப் புல். நடுவில் புலி. பளபளவென்று, இளமையாக, இரண்டு காதும் முழுசாக.

"இது நான் பார்த்ததில்லை" என்றாள்.

"நீங்க எடுத்ததுதானே மேடம்."

போலிப் படம் கொண்டுவந்ததற்காக ஆறு மாதம் காட்டுக்குள் நுழையத் தடை என்று ஒரு சீட்டு தானாக அச்சாகி வந்தது. ஜெபசிங் அதை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே டீக்கடையில் ஜடையன் காத்திருந்தார். அவள் பேசத் தொடங்குவதற்குள் அவரே கேட்டார். "மேடம், நீங்க கண்ணால பார்த்தீங்களே, எந்தக் காதுங்க கிழிஞ்சிருந்துது?"

"இடது காது."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாசமா நான் ஒருத்தன்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றார்.

அவருடைய மனைவி பெயர் மாதி. தை மாதம் ஊரை ஒட்டிய ஏழாம் பகுதிக்குச் சீமார் புல் அறுக்கப் போனாள். ஆலந்தொட்டியில் வனத்துறை வைத்த சங்கு ஒன்று உண்டு. ஊருக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எந்தப் புலியின் புள்ளி வந்தாலும் தானே ஊதும். முன்பெல்லாம் பெண்கள் கூட்டமாகப் போவார்கள், சத்தம் போட்டுக்கொண்டே நடப்பார்கள், காற்றைப் பார்ப்பார்கள். சங்கு வந்த பிறகு அதெல்லாம் நின்றுபோயிற்று. சங்கு ஊதவில்லை, அதனால் மாதி தனியாகப் போனாள். சாயங்காலம் தேடிப் போன ஜடையன் கல்லெறிந்துதான் அந்தப் புலியை அவளிடமிருந்து விரட்டினார்.

"அன்னிக்கு அந்தப் பக்கம் புலியே இல்லைன்னு எழுதிட்டாங்க மேடம். பாறைல இருந்து விழுந்து செத்தா, அப்புறம் செந்நாய் கடிச்சுதுன்னு எழுதியிருக்காங்க. நான் கல்லெறிஞ்சது செந்நாயவா?"

"அப்ப, வேணும்னேதான் என்னை அங்க கூட்டிட்டுப் போனீங்க."

"ஆமாங்க. உங்களுக்கு முன்னாடி நாலு பேரைக் கூட்டிட்டுப் போனேன். ஒருத்தர் கண்ணுலயும் படல."

"அது பாஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வண்டியை அணைக்காமத்தானே வெச்சிருந்தேன்."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு எழுந்து போகவும் முடியவில்லை. கேமராவை எடுத்து அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க ஆஸ்பத்திரில இப்படி ஒண்ணு நடந்துது. ஸ்கேன்ல கதிரைக் கொஞ்சமா விட்டா படம் புள்ளி புள்ளியா வரும். அதைச் சுத்தம் பண்ண ஒரு மென்பொருள் போட்டாங்க. ஆயிரக்கணக்கான நெஞ்சைப் பார்த்துப் பழகினது. ஒருத்தருக்குப் பொறந்ததுல இருந்தே ஒரு விலா எலும்பு ரெண்டாப் பிரிஞ்சிருந்துது. மெஷின் அதை ஒட்டி ஒரே எலும்பாக் காட்டிடுச்சு. அது பார்த்த நெஞ்செல்லாம் அப்படித்தானே இருந்துது. அது பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுச்சு."

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"டாக்டர் விரலை வெச்சுத் தடவிப் பார்த்தாரு."

ஜடையன் யோசித்தார். "இது வேற காட்டுல இருந்து வந்த புலிங்க. இந்தக் கேமராவுக்கு நாப்பத்திரண்டு புலிதான் தெரியும். அப்படித்தானுங்களே?"

"மரத்துல கட்டியிருக்கிற கேமராவுக்கும் அதேதான். அந்தக் கிழப்புலி வர்றப்ப எல்லாம், வரி கிட்டத்தட்ட ஒத்துப்போற முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கும். முப்பத்தொண்ணோட பட்டை வேற இடத்தைக் காட்டியிருக்கும். பிழைன்னு அழிச்சிருக்கும்."

திருப்பூருக்குப் போனதும் அவள் எழுதத் தொடங்கினாள். காப்பக இயக்குநரகத்துக்கு ஒன்பது கடிதம். ஒன்பதுக்கும் ஒரே பதில் வந்தது: 'தங்கள் படம் போலி என உறுதி செய்யப்பட்டுள்ளது. மேல்முறையீட்டுக்குத் தடைக்காலம் முடிந்த பின் அணுகவும்.' கேமராக் கம்பெனியின் சேவை மையத்தை அழைத்தாள். துலக்குவதற்கு முன்னால் இருந்த படம் வேண்டும் என்றாள்.

"அதை நாங்க சேமிக்கிறதில்லை மேடம்" என்றது ஒரு பெண் குரல். "மங்கலா இருக்குன்னு நிறையப் பேர் புகார் பண்ணினாங்க. அதான் எடுத்துட்டாங்க."

"மங்கலா இருந்தாலும் அதுதானே நான் எடுத்த படம்?"

"உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

சில்லு இல்லாத பழைய கேமரா ஒன்றை ஈரோட்டில் தேடிப் பிடித்தாள். ஆனால் முத்திரை வாங்க முடியாத கேமராவை நுழைவாயிலைத் தாண்ட விடமாட்டார்கள் என்றார் ஜடையன். அவளையே விடமாட்டார்கள். அந்தக் கேமரா அவள் அலமாரியில் கிடந்தது.

ஆனி மாதம் ஆலந்தொட்டியில் கும்பன் என்பவரைப் புலி தோளில் கவ்வியது. கூட இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் கூச்சலிட்டதால் விட்டுவிட்டு ஓடியது. கும்பன் பிழைத்தார். அப்போதும் சங்கு ஊதவில்லை. இந்த முறை தொலைக்காட்சிக்காரர்கள் மலையேறி வந்தார்கள். எட்டுப் பேர் பார்த்த புலியைச் செந்நாய் என்று எழுத முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தமயந்திக்கு இயக்குநரகத்திலிருந்தே அழைப்பு வந்தது. பேசியவர் துணை இயக்குநர். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"மேடம், உங்க படத்தை மறு ஆய்வு பண்ணிட்டோம். அது உண்மையான படம்தான். முப்பத்தொண்ணாம் நம்பரோட கழுத்துப்பட்டை பழுதாகி தப்பான இடத்தைக் காட்டியிருக்கு. உங்க தடையை நீக்கிட்டோம். முதல்ல சொன்னவர் நீங்கதான். உங்க பேரையும் அறிக்கைல போட்டிருக்கோம்."

"சார், அது முப்பத்தொண்ணு இல்லை. அதைத்தான் ஒன்பது தடவை எழுதினேன்."

"படத்துல முப்பத்தொண்ணுதானே இருக்கு?"

"படம் தப்பு சார்."

"இதைப் போலின்னு சொன்னப்ப உண்மைன்னு எழுதினீங்க. உண்மைன்னு சொன்னா தப்புங்கறீங்க. நாங்க என்ன பண்றது மேடம்?"

"ஒரு ஆள் நேர்ல வந்து அந்தக் காட்டுல நின்னு பாருங்க."

"அதுக்குத்தானே நாற்பது கோடி ரூபாய்க்கு கேமரா வெச்சிருக்கோம்" என்றார் அவர். கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல்.

மறுநாள் அவளுடைய படம் எல்லா நாளிதழிலும் வந்தது. செம்பு நிறப் புல், நடுவில் முழுக் காதோடு முப்பத்தொன்று. 'ஆட்கொல்லியை முதலில் படம்பிடித்த திருப்பூர் பெண்.' ஆஸ்பத்திரியில் கேக் வாங்கி வந்து வெட்டச் சொன்னார்கள். அவள் வெட்டினாள். இரண்டு வருடமாக எதற்கு ஏங்கினாளோ அது அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டுத் தொங்கியது. அந்தப் பக்கம் நடப்பதையே அவள் விட்டுவிட்டாள்.

முப்பத்தொன்றைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. பழுது என்று சொல்லப்பட்ட கழுத்துப்பட்டையின் புள்ளியைப் பின்தொடர்ந்து போய், அணைக்கட்டு ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே மயக்க ஊசி போட்டார்கள். பட்டையைக் கழற்றிவிட்டு, வேறு ஊர் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பும்வரை வைத்திருக்கலாம் என்று காட்டின் ஓரத்தில் இருந்த மீட்புக் கூண்டில் அடைத்தார்கள். ஆலந்தொட்டிக்கு ஆபத்து நீங்கியது என்று அறிவித்தார்கள்.

தமயந்தி ஞாயிற்றுக்கிழமை போய்க் கூண்டின் முன்னால் நின்றாள். ஆறு வயதுப் பெண் புலி. சுவருக்கும் கம்பிக்கும் நடந்துகொண்டே இருந்தது. இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"நான்தான் இதைப் பிடிச்சுக் குடுத்தேன்" என்றாள் ஜடையனிடம்.

"உங்களை அங்க கூட்டிட்டுப் போனது நானுங்க" என்றார் அவர். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

ஆலந்தொட்டிக்காரர்கள் அறிவிப்பை நம்பவில்லை. பத்துப் பேருக்குக் குறைந்து யாரும் காட்டுக்குள் போகவில்லை. போகும்போது தகரம் தட்டினார்கள். ஜெபசிங்கும் ஒரு காரியம் செய்தார். சங்கின் பெட்டியைத் திறந்து, கையால் ஊதும் பொத்தானின் சாவியை ஜடையனிடம் கொடுத்தார். யாராவது தடம் பார்த்தால் ஊதச் சொன்னார். ஒவ்வொரு முறை ஊதும்போதும் இயக்குநரகத்தின் கணினி 'பொய் எச்சரிக்கை' என்று பதிவு செய்து ரேஞ்சரிடம் விளக்கம் கேட்டது. அவர் விளக்கம் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஐப்பசி மழையில் ஓடையோரம் அந்த ஆண் புலி செத்துக் கிடந்தது. கண்டுபிடித்ததும் ஆலந்தொட்டிப் பெண்கள்தான். தகவல் கேட்டு ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தமயந்தியும் வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தது. முன்னங்காலில் முள்ளம்பன்றியின் முட்கள் ஒடிந்து உள்ளேயே சீழ் வைத்திருந்தன. மானைத் துரத்த முடியாத கால். ஜடையன் குனிந்து கிழிந்த காதை ஒருமுறை தொட்டார். பிறகு தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

ஜெபசிங் துறைக் கேமராவை எடுத்தார். இறந்த புலியைப் படம் எடுத்தால்தான் இறப்புப் பதிவாகும். எடுத்தார். திரையைப் பார்த்தார். அழித்துவிட்டு இன்னொரு பக்கத்திலிருந்து எடுத்தார். மூன்றாவது தடவை எடுத்த பிறகு கேமராவைத் தமயந்தியிடம் நீட்டினார்.

திரையில் முழுக் காதோடு ஒரு இளம் பெண் புலி தூங்குவதுபோல் கிடந்தது. கீழே எழுத்து: 'எண் 31. பெண். வயது 6. இறப்பு பதிவாயிற்று.'

"நீங்க சொன்னதை நான் அன்னிக்கே நம்பியிருக்கணும்" என்றார் ஜெபசிங். "நானும் ஒரு தடவை பார்த்தேன் மேடம். மாசி மாசம். காது கிழிஞ்சதுதான். திரையைப் பார்த்தேன், ஒண்ணும் இல்லன்னு இருந்துச்சு. கண்ணு ஏமாத்திட்டுதுன்னு நினைச்சிட்டேன்."

ஜடையன் திரும்பிப் பார்த்தார். ஜெபசிங் அந்தப் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாள் மீட்புக் கூண்டுக்கு இறைச்சி வரவில்லை. கேட்டதற்கு, முப்பத்தொன்று இறந்துவிட்டதால் வழங்கல் நிறுத்தப்பட்டது என்றார்கள். கால்நடை மருத்துவரை வேறு காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜெபசிங் திருத்தம் கேட்டு எழுதினார்; தொண்ணூறு நாளில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. துணை இயக்குநரை அழைத்தார். கூண்டுக்குள் உயிரோடு ஒரு புலி நிற்கிறது என்றார்.

"கூண்டுக் கேமராவைப் போட்டுப் பார்க்கிறேன் இருங்க" என்றார் துணை இயக்குநர். விசை தட்டும் சத்தம் கேட்டது. "ஜெபசிங், கூண்டு காலியா இருக்கே."

ஜெபசிங் கண்காணிப்பு அறைக்கு ஓடிப் போய்ப் பார்த்தார். உண்மைதான். பதிவேட்டிலிருந்து முப்பத்தொன்று நீங்கியதும் துலக்கிக்கு அது இல்லாத புலி. அதன் வரிக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் வேறு புலியும் இல்லை. அதனால் தூசி, மழைத்துளி, பூச்சி போல அதையும் சுத்தம் செய்துவிட்டது. திரையில் கழுவின சிமெண்டுத் தரையும் கம்பியும் மட்டும் தெரிந்தன. சன்னல் வழியாகப் பார்த்தால் புலி நடந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் மூன்று பேரும் கூண்டுக்கு முன்னால் நின்றார்கள். புலி வயிறாரச் சாப்பிட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. நடப்பதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் படுத்திருந்தது. முந்தின நாள் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போட்ட கோழிகள் அதற்கு ஒரு வாய்க்குக் காணவில்லை.

"காலிக் கூண்டைத் திறந்து வெச்சா யாரும் என்னை எதுவும் கேக்க முடியாது" என்றார் ஜெபசிங். "ஆனா ஜடையா, இதை நீதான் சொல்லணும். இது வெளிய போனா புள்ளி கிடையாது. சங்கு இதுக்கு எப்பவும் ஊதாது. உங்க ஊருக்குப் பக்கத்துலதான் சுத்தும். நீ வேண்டாம்னா வேண்டாம். நான் வேற வழி பார்க்கேன்."

"வேற என்ன வழி இருக்குங்க சார்?"

ஜெபசிங் கையை விரித்தார்.

ஜடையன் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றார். தமயந்திக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. என்ன சொன்னாலும் அது தன் குற்றத்தைக் கழுவிக்கொள்ளச் சொன்னதாகத்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்தாள்.

"நேத்து ஊர்ல உக்காந்து பேசினோம்" என்றார் ஜடையன். "கும்பன் வேண்டாம்னான். அவன் தோள் அப்படி. மத்தவங்க எல்லாம், இது ஆறு வருசமா இங்கதான இருந்துது, நம்ம ஆட்டைக்கூடத் தொட்டதில்லையேன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"இப்ப என்ன சொல்றே?"

"மாதி சங்கை நம்பிப் போனா. சங்கே இல்லைன்னா போயிருக்க மாட்டா." கம்பியை விட்டு விலகினார். "ஊதாதுன்னு தெரிஞ்சா நாங்க பார்த்து நடந்துக்குவோம் சார். திறங்க."

ஜீப்புக்குள் ஏறிக் கயிறு நுழையும் அளவு விட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஜெபசிங் கூண்டுக் கதவின் கயிற்றை இழுத்தார். கதவு மேலே போயிற்று. புலி உடனே வரவில்லை. கால் மணி நேரம் கழித்து எழுந்து, வாசலில் நின்று, மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது. பிறகு யாரையும் பார்க்காமல் ஈரப்புல்லில் இறங்கிப் போயிற்று. தமயந்தியின் மடியில் கேமரா இருந்தது. அவளுக்குக் கை பரபரத்தது. எடுத்தாலும் வெறும் புல்தான் வரும் என்று தெரிந்திருந்தும் பரபரத்தது.

அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் காரைமலையில் நாற்பத்தொரு புலிகள் என்று வெளியிட்டார்கள். பொய் எச்சரிக்கைகளுக்காக ஜெபசிங்கைச் சென்னையில் ஒரு மேசைக்கு மாற்றினார்கள். ஆலந்தொட்டிச் சங்கைப் பழுது பார்க்க இரண்டு முறை ஆள் வந்து, பழுதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். துலக்கியைப் பற்றித் தமயந்தி அனுப்பிய நீண்ட மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. அவள் மாதம் ஒருமுறை நினைவூட்டல் அனுப்புகிறாள்.

சித்திரை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, எக்ஸ்ரே அறைக்கு வெளியே பதினைந்து பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஜடையனிடமிருந்து போன் வந்தது.

"மேடம், குட்டி போட்டிருக்குங்க. மூணு."

அவள் கதவைச் சாத்தினாள். "யார் பார்த்தது?"

"ஊர்ல பொம்பளைங்க பார்த்தாங்க. அப்புறம் நானும் தூரத்துல இருந்து பார்த்தேன். நாங்க புல்லறுக்கப் போற தடத்தை மாத்திட்டோம். திரைல ஒண்ணுமில்லைங்கறதால ஜீப்பும் அந்தப் பக்கம் வர்றதில்லை. ஒரு கேமராவும் அதுங்களை எடுக்காது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

தமயந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். அலமாரியில் கிடந்த பழைய கேமரா ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட மனம் ஓடியது. அதைப் பிடித்து நிறுத்துவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"எதுங்க?"

"குட்டிங்க. ஒவ்வொண்ணும் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"ஒண்ணு ரொம்பச் சோம்பேறிங்க. அம்மா வாலைப் பிடிச்சிட்டே படுத்திருக்கு. இன்னொண்ணுக்கு நெத்தில கோடு கொஞ்சம் கோணலா, இப்படி, எப்படிச் சொல்றது, தண்ணி வழிஞ்ச மாதிரி..."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கையை ஒடித்துக்கொண்டு வந்த ஒருவர் முனகும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நிமிஷம்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லுங்க ஜடையன். எந்தப் பக்கமா வழிஞ்ச மாதிரி?"